டூயல் பூட் கணினியில் ஃபைல் திறக்கவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். நேற்று வரை திறந்த ஃபைல் இன்று திறக்காது. திறந்தாலும் சேமிக்க விடாது. சென்னையில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: ரிப்போர்ட்டும் கேமும் விண்டோஸில், லேப் வேலை உபுண்டு லினக்ஸில், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ். புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின இரவு அந்த டி டிரைவ் முரண்டு பிடித்தால், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் என்று எங்கோ கண்ணில் பட்ட '777' கட்டளையைத் தட்டிப் பார்ப்பார்கள். அதுவும் நடக்கவில்லை என்றால், மறுநாள் ரிட்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபார்மட் போட்டுவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். இரண்டுமே வேண்டாம். உங்கள் ஃபைல்கள் அநேகமாகப் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அனுமதியை மாற்றுவதற்கு முன், மறுப்பது யார் என்று கண்டுபிடியுங்கள். ஃபைலின் உரிமையாளர் விவரம் மறுக்கலாம், டிரைவை மவுண்ட் செய்த விதம் (அதாவது, கணினியோடு இணைத்துத் திறந்த விதம்) மறுக்கலாம், டிரைவைப் படிக்கும் மென்பொருளான டிரைவர் மறுக்கலாம், நீங்கள் திறந்த செயலியே மறுக்கலாம். எல்லாமே திரையில் 'அனுமதி இல்லை' என்றுதான் தெரியும். ஆனால் ஒன்றுக்கான தீர்வு இன்னொன்றுக்கு உதவாது.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள்

ஃபைல் மேனேஜர் காட்டும் பெட்டி பாதி விஷயத்தை மறைத்துவிடும். டெர்மினலைத் திறந்து அந்த ஃபோல்டருக்குள் போய், 'டச் சோதனை' என்று ஒரு வெற்று ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். அங்கேயோ, அனுமதியை மாற்ற முயலும்போதோ வரும் பிழை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றால் அந்த டிரைவ் முழுவதுமே படிக்க மட்டும் மவுண்ட் ஆகியிருக்கிறது. இங்கே அனுமதியை மாற்றும் சிஎச்மாட், உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் எதுவும் பலிக்காது. நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் போட்டாலும் பலிக்காது.

'பெர்மிஷன் டினைடு' என்றால் உரிமையாளரோ அனுமதி எண்ணோ (யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று சொல்லும் 644, 755 போன்ற எண்) உங்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு ஸ்கிரிப்டை இயக்கும்போது மட்டும் இது வந்தால் காரணம் வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்பது பெரும்பாலும் அனுமதியை மாற்ற முயலும்போது வரும். அந்த ஃபைல் உங்களுடையது இல்லை, அல்லது அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு (டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு) அப்படி ஒரு வசதியே இல்லை.

அப்புறம் 'ஃபைண்ட்எம்என்டி' கட்டளையைக் கொடுத்து அந்த டிரைவின் வரியைப் பாருங்கள். எந்த ஃபைல் சிஸ்டம், எந்த டிரைவர், என்னென்ன ஆப்ஷனோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். 'ஆர்டபிள்யூ' என்று இருந்தால் எழுதலாம், 'ஆர்ஓ' என்று இருந்தால் முடியாது. கடைசியாக 'ஐடி' கட்டளை. உங்கள் யூசர் எண் என்ன என்று அது சொல்லும். உபுண்டுவில் முதலில் உருவாக்கிய யூசருக்கு எண் 1000.

அறிகுறி: விண்டோஸ் டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்த 'சில நாள்' என்பதுதான் துப்பு. அனுமதிக் கோளாறு என்றால் தினமும் ஒரே மாதிரி இருக்கும்.

விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. உங்கள் செயலிகளை மூடிவிட்டு, கர்னல் எனும் தன் மையப் பகுதியின் நிலையை மட்டும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. அடுத்த முறை அங்கிருந்தே எழுகிறது. அப்படித் தூங்கும்போது சி டிரைவ், டி டிரைவ் இரண்டுமே திறந்திருப்பதாகத்தான் அதன் நினைவில் இருக்கும். அந்த இடைவெளியில் லினக்ஸ் போய் டி டிரைவில் எழுதினால், விண்டோஸ் எழுந்தவுடன் தன் பழைய நினைவை வைத்து மேலே எழுதி டிரைவைக் குழப்பிவிடும். அதனால் லினக்ஸ் டிரைவர் எழுத மறுக்கிறது. அது உங்கள் ஃபைலைக் காப்பாற்றுகிறது, அதோடு சண்டை போடாதீர்கள்.

பெரம்பூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, காலையில பேஸ்ட் ஆச்சு, இப்ப பேஸ்ட் பட்டனே மங்கிக் கிடக்கு" என்றான். காலையில் விண்டோஸிலிருந்து எப்படி வந்தாய் என்று கேட்டேன். ரீஸ்டார்ட். மதியம்? ஷட் டவுன் செய்து, சாப்பிட்டுவிட்டு வந்து ஆன் செய்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக மூடும். ஷட் டவுன் கொடுத்தால்தான் அரைத் தூக்கம்.

இதை உறுதி செய்ய 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' கொடுத்து, அது காட்டும் கர்னல் செய்திகளின் கடைசி வரிகளைப் பாருங்கள். விண்டோஸ் டிரைவ்களின் ஃபைல் சிஸ்டத்துக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். அதை லினக்ஸில் திறப்பது பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் என்றால், கையால் மவுண்ட் செய்யும்போது 'விண்டோஸ் இஸ் ஹைபர்நேட்டட்' என்று அதுவே சொல்லிவிட்டுப் படிக்க மட்டும் திறக்கும். 2021-இல் லினக்ஸ் 5.15 கர்னலோடு சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இன்னும் கண்டிப்பானது. டிரைவில், ஒழுங்காக மூடப்படவில்லை என்று சொல்லும் 'டர்ட்டி' என்ற குறி இருந்தால் எழுதும் முறையில் மவுண்டே செய்யாது. ஃபைல் மேனேஜரோ 'ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்' என்று நீட்டி முழக்கிப் பயமுறுத்தும். அதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, தீர்வு. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' என்று போய், பூட்டிக் கிடக்கும் அமைப்புகளைத் திறக்கும் இணைப்பை அழுத்தி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஹைபர்நேட் வசதியே வேண்டாம் என்பவர்கள் நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுக்கலாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். இப்போதைக்கு லினக்ஸுக்குப் போனால் போதும் என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அந்த ஒரு முறை முழுசாக அணையும். விண்டோஸில் பெரிய அப்டேட் எதுவும் வந்தால், அந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திய பிறகும் அதே செய்தி வந்தால், டிரைவ் உண்மையிலேயே ஒழுங்காக மூடப்படாமல் இருக்கும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனாலோ, யூஎஸ்பி டிஸ்கை 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினாலோ இப்படி ஆகும். விண்டோஸுக்குப் போய் 'சிஎச்கேடிஎஸ்கே டி: /எஃப்' ஓட்டுங்கள். லினக்ஸில் இருக்கும் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' அதற்கு மாற்று இல்லை. சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்வதும், '-டி' ஆப்ஷன் கொடுத்தால் டர்ட்டி குறியை அழிப்பதும்தான் அதன் வேலை. உள்ளே இருக்கும் பழுதைத் தேடிச் சரிசெய்யாது. 'ரிமூவ் ஹைபர்ஃபைல்' என்ற ஆப்ஷனை யாராவது சிபாரிசு செய்தால், அது விண்டோஸ் சேமித்து வைத்த அமர்வை அழித்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அங்கே சேமிக்காமல் விட்ட வேலை எல்லாம் போய்விடும்.

அறிகுறி: டிரைவ் 'ஆர்டபிள்யூ' என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் எழுத முடியவில்லை. உரிமையாளர் 'ரூட்' என்று இருக்கிறது

ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறக்கும்போது டிரைவ் உங்கள் பெயரில் மவுண்ட் ஆகும். எந்த டிரைவை எப்படி மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் ஃபைலில் வரி எழுதி பூட் ஆகும்போதே மவுண்ட் செய்தால், செய்வது ரூட், அதாவது லினக்ஸின் தலைமை நிர்வாகிக் கணக்கு. யார் பெயரில் வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் எல்லாம் ரூட் பெயருக்கே போகும்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 டிரைவ்களுக்கு, எஃப்எஸ்டேப் வரியில் ஆப்ஷன் இடத்தில் இப்படி இருக்க வேண்டும்: யுஐடி=1000, ஜிஐடி=1000, டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133, நோஃபெயில். நடுவில் இடைவெளி கூடாது, கமா மட்டும். இப்படிக் கொடுத்தால் ஃபோல்டர்கள் 755 ஆகவும் ஃபைல்கள் 644 ஆகவும் தெரியும், அதாவது நீங்கள் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். வீட்டில் இன்னொருவருக்கும் அதே கணினியில் கணக்கு இருந்து, அவர் பார்க்கக் கூடாது என்றால் டிமாஸ்க்=077, எஃப்மாஸ்க்=177 போடுங்கள். நோஃபெயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு பூட் செய்தால், லினக்ஸ் அவசர நிலைத் திரையில் போய் நின்றுவிடும். வரியை எழுதியதும் ரீபூட் செய்யாமல் 'சூடோ மவுண்ட் -ஏ' கொடுத்துச் சோதியுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனுக்கு இந்த யுஐடி வரி செல்லாது, அதில் உரிமை டிஸ்கிலேயே பதிவாகியிருக்கும். புதிதாக ஃபார்மட் செய்த ஈஎக்ஸ்டி4 ரூட்டுக்குச் சொந்தமாகத்தான் பிறக்கும். ஒருமுறை சிஎச்ஓன் செய்தால் போதும். ஆனால் மவுண்ட் செய்த பிறகு செய்ய வேண்டும். மவுண்ட் செய்வதற்கு முன் செய்தால், அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டரின் உரிமை மட்டும் மாறும். மேலே டிரைவ் வந்து உட்கார்ந்ததும் பழைய கதைதான்.

அறிகுறி: ஸ்கிரிப்ட் ஓட மாட்டேன் என்கிறது, சிஎச்மாட் கொடுத்தும் பலனில்லை

சிஎச்மாட் கொடுத்தீர்கள், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் 'எல்எஸ் -எல்' பார்த்தால் எதுவும் மாறவில்லை. என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் வழக்கமான அமைப்பில் இப்படித்தான்: கட்டளையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அங்கே அனுமதியைத் தீர்மானிப்பது ஃபைல் அல்ல, மவுண்ட் ஆப்ஷன். மேலே சொன்ன எஃப்மாஸ்க்=133 இயக்கும் உரிமையை எடுத்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டிய டிரைவுக்கு எஃப்மாஸ்க்=022 போடுங்கள்.

அப்படியும் 'பெர்மிஷன் டினைடு' வந்தால், எஃப்எஸ்டேப் வரியில் 'யூசர்' அல்லது 'யூசர்ஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ரூட் அல்லாதவர்களும் மவுண்ட் செய்யட்டும் என்று அதைச் சேர்ப்பார்கள். அந்தச் சொல் கூடவே 'நோஎக்ஸெக்' என்பதையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் 'எக்ஸெக்' என்று வெளிப்படையாகச் சேர்த்தால் சரியாகிவிடும். அவசரத்துக்கு 'பாஷ்' என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்ட் பெயரைக் கொடுத்தால் எப்படியும் ஓடும். அங்கே இயங்குவது பாஷ், உங்கள் ஸ்கிரிப்டை அது வெறுமனே படிக்கிறது.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு விஷயம். என்டிஎஃப்எஸ் டிரைவில் வைத்த புராஜெக்ட்டில் ஒரு வரிகூட மாற்றாமல் எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டினால், அனுமதி எண் 644-இலிருந்து 755 ஆகத் தெரிவதுதான் காரணம். அந்த ரெப்போவில் (கிட் கவனிக்கும் புராஜெக்ட் ஃபோல்டரில்) 'கோர்.ஃபைல்மோட்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று கிட் மறுத்தால், அது 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பில் சேர்ந்த பாதுகாப்பு. ரெப்போவின் உரிமையாளர் நீங்கள் இல்லை என்கிறது. 'சேஃப் டைரக்டரி' பட்டியலில் சேர்த்துத் தப்பிக்காமல், மவுண்ட் ஆப்ஷனில் யுஐடியைச் சரிசெய்யுங்கள். வேர் அங்கேதான் இருக்கிறது.

வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியைப் பொது டிரைவில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே அது 777 என்றோ 644 என்றோ மற்றவர்களும் படிக்கும்படி தெரியும், எஸ்எஸ்எச் அதைத் தொடாது. ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து 600 கொடுங்கள்.

777 பற்றி

பொது டிரைவில் அது பெரும்பாலும் பயனற்றது. ஆனால் லினக்ஸ் நிறுவியிருக்கும் ரூட் பார்ட்டிஷனில், உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்றும் '-ஆர்' சேர்த்து ஓட்டினால் பெரும் சேதம். சூடோ கட்டளை ரூட் உரிமையோடு ஓடக் காரணமான செட்யுஐடி குறி அழிந்துவிடும், அதற்கப்புறம் சூடோவே ஓடாது. சரிசெய்யவும் சூடோ இருக்காது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்துதான் மீள வேண்டும்.

அறிகுறி: ஃபைல் மேனேஜரில் தெரிகிறது, ஆனால் ஒரு செயலிக்குள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை

உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் மட்டுமே வருகிறது. ஸ்னாப் செயலிகள் வேலிக்குள் இருப்பவை, ஹோம் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் டிரைவைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். விஎல்சிக்கு என்றால் 'சூடோ ஸ்னாப் கனெக்ட் விஎல்சி:ரிமூவபிள்-மீடியா'. அதுபோன்ற இன்னொரு வடிவமான ஃபிளாட்பேக் செயலி என்றால் ஃபிளாட்சீல் என்ற செயலியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடலாம். ஃபைலின் அனுமதியைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: இரண்டு லினக்ஸ், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திருத்த முடியவில்லை

லினக்ஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. இரண்டிலும் 'குமரன்' என்று கணக்கு இருந்தாலும், ஒன்றில் 1000, மற்றொன்றில் 1001 என்றால் இருவரும் வேறு ஆட்கள். இரண்டிலும் 'ஐடி' கொடுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால், ஏதாவது ஒன்றில் 'யூசர்மாட் -யு' கொண்டு எண்ணை மாற்றலாம். அந்தக் கணக்கில் நுழைந்திருக்கும்போது அல்ல, வேறு நிர்வாகிக் கணக்கிலிருந்து. ஹோமுக்குள் இருப்பவற்றின் உரிமையை அதுவே மாற்றிவிடும், வெளியே இருப்பவற்றை நீங்கள்தான் சிஎச்ஓன் செய்ய வேண்டும்.

ஒன்று உபுண்டு, மற்றொன்று ஃபெடோரா என்றால் எண் ஒன்றாக இருந்தும் ஃபெடோராவில் தகராறு வரலாம். அங்கே எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் எதிர்பார்க்கும், உபுண்டு எழுதியவற்றில் அது இருக்காது. 'சூடோ ரெஸ்டோர்கான் -ஆர்' என்று ஹோம் மீது ஓட்டுங்கள். எஸ்ஈலினக்ஸை அணைத்துவிடு என்று வரும் அறிவுரையைக் கேட்காதீர்கள். ஹோம் ஃபோல்டரையே இரண்டுக்கும் பொதுவாக வைப்பதைவிட, தனியாக ஒரு ஈஎக்ஸ்டி4 டேட்டா பார்ட்டிஷன் வைப்பதுதான் என் கருத்தில் நிம்மதி.

அறிகுறி: விண்டோஸில் 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை'

விண்டோஸ் உரிமையாளரை எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால் அறியும். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ, பழைய கணினியின் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு மாட்டினாலோ, பெயர் அதேதான் என்றாலும் எஸ்ஐடி வேறு. செக்யூரிட்டி டேபில் 'அக்கவுன்ட் அன்நோன்' என்று எஸ்-1-5-21-இல் தொடங்கும் எண் தெரிந்தால் இதுதான் காரணம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்பின் டிஸ்கை, அதில் இருக்கும் கல்லூரிக் காலப் புகைப்படங்களுக்காக இப்படி மாட்டிப் பார்ப்பவர்கள் இங்கே உண்டு. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. விண்டோஸ் பகுதியில் எஸ்ஐடி மாறியிருக்கும். லினக்ஸ் பகுதியிலோ, எழுதியவரின் எண்ணும் உங்கள் எண்ணும் 1000 என்றால் நேராகத் திறக்கும்.

ஃபோல்டரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, மேலே ஓனர் பக்கத்தில் சேஞ்ச். உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தும்படி டிக் செய்யுங்கள். ஃபோல்டர் நிறைய இருந்தால் 'டேக்ஓன்', அதன் பிறகு 'ஐகேக்ல்ஸ்' கட்டளைகள் வேகமானவை. உங்கள் டேட்டா ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சொந்த ஃபோல்டரிலோ புரோகிராம் ஃபைல்ஸிலோ செய்தால் அப்டேட்டுகள் உடையும்.

ஃபைல் ஐகானில் சின்னப் பூட்டு இருந்தால் விஷயம் வேறு. அது இஎஃப்எஸ் குறியாக்கம். உரிமையை மாற்றியும் திறக்காது, பழைய கணக்கின் சான்றிதழ் வேண்டும். அதேபோல் லினக்ஸில் விண்டோஸ் டிரைவைத் திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது என்றால் அது டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் மட்டும் நகலாகவில்லை

இதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அனுமதி என்று நினைத்துத்தான் தேடுவார்கள். என்டிஎஃப்எஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை ஏற்கும். ஈஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 85 குறிகள்தான். புள்ளியும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கில் வரும், 'கா' என்பதே இரண்டு. கட்டுரைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைத்தால் எளிதில் தாண்டிவிடும். விண்டோஸில் பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள்.

திரும்பிப் போகும் திசையில் வேறு தொல்லை. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ வைத்தால் விண்டோஸ் அதைத் திறக்காது. என்டிஎஃப்எஸ்-3ஜி மவுண்ட் ஆப்ஷனில் 'விண்டோஸ்_நேம்ஸ்' சேர்த்தால், அப்படிப்பட்ட பெயரை லினக்ஸே முன்கூட்டித் தடுத்துவிடும்.

அறிகுறி: விண்டோஸ் 'டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கிறது

கேன்சல் கொடுங்கள். விண்டோஸுக்கு ஈஎக்ஸ்டி4 படிக்கத் தெரியாது, அதனால் வெற்று டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. உள்ளே எல்லாம் இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒதுக்கிய டிரைவ் எழுத்தை மட்டும் நீக்கிவிட்டால், கேள்வி திரும்ப வராது. அங்கே பக்கத்திலேயே ஃபார்மட், டெலீட் இரண்டும் இருக்கும், நிதானமாக அழுத்துங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வழியாக ஈஎக்ஸ்டி4 படிக்க முடியும், ஆனால் முழு டிஸ்கைத்தான் அது எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் பூட் ஆகும் டிஸ்கை எடுக்காது. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அது உதவாது. லினக்ஸில் பூட் செய்து, வேண்டிய ஃபைலைப் பொது டிரைவுக்கு நகலெடுத்துக்கொண்டு வாருங்கள்.